தேயிலைப் பெட்டியில் நம்ம படம்: மொத்தமாக விற்பதா, பாவிக்க அனுமதி கொடுப்பதா?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஒரு வாசகி (2024 பெப்ரவரி 3)

கொழுந்து பறிக்கும் பெண்களை நான் வரைந்து பேஸ்புக்கில் போட்டிருந்தேன். பார்த்துவிட்டு கொழும்பில் ஒரு தேயிலைக் கொம்பனி பேசினார்கள். பரிசுப் பெட்டிகளுக்கு ஐந்து படம் வேண்டுமாம். மொத்தமாக 40,000 ரூபா தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பிய கடிதத்தில் "படங்களின் அனைத்து உரிமைகளும் என்றென்றைக்கும் கொம்பனிக்கே உரியது" என்று ஒரு வரி. அம்மா வாங்கிக்கொள் என்கிறார். இங்கே யாராவது இப்படிப் படம் கொடுத்திருக்கிறீர்களா? வேறு எப்படிக் கேட்பது?

பதில்: 2024 பெப்ரவரி 3, இரவு

கையெழுத்து வைக்காதீங்க தங்கச்சி. காசு குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரிக்காகச் சொல்கிறேன்.

அதற்குக் கீழே கையெழுத்து விழுந்தால் படத்தை அவர்கள் பெட்டியிலும் போடலாம், குடையிலும் போடலாம், ஹோட்டல் சுவரில் பெரிதாக அடிக்கலாம், இன்னொரு கொம்பனிக்குக் கைமாற்றலாம். நீங்கள் அதே படத்தை ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையில் போட்டால் உங்களுக்கே வக்கீல் கடிதம் வரும்.

வேறு வழி இருக்கிறது. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன பொருளில், இன்ன நாட்டில், இத்தனை வருடத்துக்குப் பாவிக்கலாம் என்று அனுமதி மட்டும் கொடுப்பது. கொம்பனிக்காரர்கள் லைசன்ஸ் என்று சொல்வது இதைத்தான். துணி, பீங்கான், வாழ்த்து அட்டை, சுவர்க் காகிதம் செய்கிற வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் ஓவியர்களிடம் இப்படித்தான் படம் எடுக்கின்றன.

நம்ம நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 16ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உரிமையை மாற்றினாலும் சரி, அனுமதி கொடுத்தாலும் சரி, அது எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கையொப்பமிட வேண்டும். எழுத்தில் வெளிப்படையாகச் சொல்லாத உரிமை எதுவும் கொடுத்ததாக ஆகாது. இந்தக் கடைசிப் பகுதி ரொம்ப முக்கியம். நமக்குக் கையில் இருக்கிற பெரிய பலம் அதுதான்.

பதிப்புரிமைக்காக எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. வரைந்ததுமே உங்களுடையது. பென்சில் கோடுகள், தேதி தெரிகிற மூலக் கோப்பு, முதன்முதலில் யாருக்காவது அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, ஒன்றையும் அழிக்காதீங்க.

பெப்ரவரி 3, கொஞ்ச நேரம் கழித்து

கேட்க மறந்தது: பெரிய கோப்பை அனுப்பிவிட்டீங்களா? இன்னும் இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம். பேச்சுவார்த்தைக்குச் சின்ன அளவு ஜேபெக் போதும், மேலே உங்கள் பெயரோடு. அச்சுக்குப் போகிற கோப்பு ஒப்பந்தமும் முற்பணமும் வந்த பிறகுதான்.

பெப்ரவரி 5

காசு விஷயம் பலர் கேட்டிருக்கிறீர்கள். விரிவாகச் சொல்கிறேன்.

ரோயல்டி என்பது விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பங்கு. உலகச் சந்தையில் ஓவிய லைசன்ஸுக்குப் பொதுவாகப் பேசப்படுவது, கடைக்குக் கொடுக்கிற மொத்த விலையில் 3 முதல் 10 வீதம் வரை. உணவுப் பொருள் மாதிரி இலாபம் ஒடுங்கிய இடத்தில் கீழ்ப்பக்கமாகவும், சுவரில் மாட்டுகிற அச்சுப் படம் மாதிரி படத்துக்காகவே வாங்குகிற பொருளில் மேல்பக்கமாகவும் போகும். காரணம் நியாயமானதுதான். தேயிலைப் பெட்டியை ஆட்கள் தேயிலைக்காக வாங்குகிறார்கள். பரிசுப் பெட்டியில் கதை மாறுகிறது. அங்கே பெட்டியின் அழகுதான் பாதி வியாபாரம். தங்கச்சி கேட்பது பரிசுப் பெட்டிக்கு என்பதால் ரொம்பக் கீழே இறங்க வேண்டியதில்லை.

கணக்குக்காக ஒரு பெட்டியை அவர்கள் கடைக்கு 1,200 ரூபாவுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வீதம் என்றால் பெட்டிக்கு 60 ரூபா. 2,000 பெட்டி போனால் 120,000 ரூபா. அதே கணக்கில் 500 பெட்டிதான் போனது என்றால் 30,000. அவர்கள் இப்போது தருவதாகச் சொல்கிற 40,000ஐ விடக் குறைவு! அதனால் வெறும் ரோயல்டியோடு நின்றுவிடக் கூடாது. குறைந்தபட்ச உத்தரவாதம் என்று ஒரு தொகையைக் கேட்க வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் அது உங்களுக்கு. அதில் ஒரு பகுதியைக் கையெழுத்தன்றே முற்பணமாக வாங்குங்கள். பிறகு ரோயல்டி அந்த முற்பணத்தில் கழியும்; கழிந்து முடிந்த பின் வருவது மேலதிகம். விற்பனை குறைந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் எழுத வேண்டும்.

பொறி எங்கே இருக்கிறது தெரியுமா? "நிகர விற்பனையில் 5 வீதம்" என்று எழுதுவார்கள். நிகரம் என்றால் என்ன என்பதை அடுத்த பக்கத்தில் அவர்களே சொல்வார்கள்: போக்குவரத்து கழித்து, விளம்பரம் கழித்து, கடைக் கழிவு கழித்து, பழுதான பெட்டி கழித்து. எல்லாம் கழித்த பிறகு 5 வீதம் எதற்கு மிஞ்சும்? திரும்பி வந்த பெட்டியையும் வரியையும் கழிப்பது சரி. விளம்பரச் செலவை ஓவியர் தலையில் கட்டுவது சரியில்லை.

பெப்ரவரி 6

மாத்தளை அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதெல்லாம் பெரிய ஊர்க் கதை. கொந்தரப்பு மாதிரி ஒரு தொகை பேசி வாங்கிவிட்டுப் போவதுதான் நமக்குச் சரி. கணக்குப் பார்க்க யார் இருக்கிறார்கள்?"

அண்ணே, ஒரே தொகைக்கு நான் எதிரி இல்லை. எல்லவில் ஒரு சின்ன கஃபே உணவுப் பட்டியலுக்குப் படம் கேட்டால் ரோயல்டி பேசுவதில் அர்த்தமில்லை. பண்டாரவளைப் பக்கம் புதிதாக ஒரு குடும்பம் வீட்டிலேயே தேயிலை பொதிசெய்து விற்கத் தொடங்கினால், அவர்களால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு எழுதித் தரவும் முடியாது. அந்த இடத்தில் ஒரே தொகைதான் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் ஒரே தொகை என்றாலும் காலம் போடலாமே. "இந்தப் பொதியில் மட்டும், இரண்டு வருடத்துக்கு, இவ்வளவு ரூபா." அவர்கள் வளர்ந்தால் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வருவார்கள், திரும்பப் பேசலாம். தொகை ஒன்றாக இருப்பது வேறு, உரிமை மொத்தமாகப் போவது வேறு. நான் தடுக்கிறது இரண்டாவதைத்தான்.

"என்றென்றைக்கும்" என்பதை லேசாக எடுக்காதீங்க. பின்லாந்தின் மரிமெக்கோ துணிக் கொம்பனிக்காக மையா இசோலா 1964இல் வரைந்த உனிக்கோ என்ற பெரிய பூ வடிவம் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. 60 வருடம். ஒரு நல்ல வடிவம் கொம்பனி முகாமையாளரையும் தாண்டி வாழும், நம்மையும் தாண்டி வாழும்.

பெப்ரவரி 9

என் சொந்த அனுபவம் கேட்டவர்களுக்கு.

எல்லப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு நினைவுப் பொருள் விற்கிற ஒரு நிறுவனத்துக்கு, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகிற படம் கொடுத்தேன். அந்தப் பாலத்தை ஆயிரம் பேர் வரைந்திருக்கிறார்கள். என் படத்தில் பார்வை கீழே தேயிலைச் செடிக்கு நடுவில் இருந்து மேலே போகும். முன்னால் கவ்வாத்து வெட்டிய மொட்டைக் கிளைகள், பின்னால் பாலம். அந்தக் கவ்வாத்து மலையால்தான் அவர்களுக்குப் பிடித்தது. ஒப்பந்தத்தில் "பீங்கான் கோப்பைகளில் மட்டும்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

அடுத்த சீசனில் அதே மொட்டைக் கிளைகள் டீசேர்ட்டில் தொங்கின. நாட்காட்டியிலும். கேட்டபோது, "ஒரே படம்தானே, எங்களிடம்தானே கொடுத்தீங்க?" என்றார்கள். நான் சத்தம் போடவில்லை. ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியைக் கோடு போட்டுப் படமெடுத்து, டீசேர்ட்டின் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பினேன். டீசேர்ட்டுக்கும் நாட்காட்டிக்கும் தனித்தனியாக விலை பேச வந்தார்கள். பேசினோம், காசும் வந்தது. "மட்டும்" என்ற சொல் அந்த வரியில் இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அதனால்தான் பொருளைப் பெயர் சொல்லி எழுதுங்கள் என்கிறேன். "வணிகப் பொருட்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பையில் தொடங்கிக் குடை வரை போகும்.

பெப்ரவரி 10

கண்டியில் அச்சகத்தில் வேலை செய்கிற தம்பிக்கு: சம்பளத்துக்கு, வேலையின் பகுதியாக வரைந்ததென்றால், படத்தால் காசு பார்க்கிற பொருளாதார உரிமை முதலாளிக்கு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டும்தான் மாறும். இரவில் வீட்டில் உங்களுக்காக வரைவது உங்களுடையது. ஆனால் அதை அச்சகக் கணினியில் வைக்காதீங்க. பிறகு எது எவருடையது என்று வழக்காடிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

பெப்ரவரி 18

ஹட்டன் தங்கச்சி திரும்ப எழுதியிருக்கிறார். கொம்பனி லைசன்ஸுக்கு இணங்கி வருகிறதாம். ஆனால் படத்தில் "சின்னத் திருத்தங்கள்" கேட்கிறார்களாம்: பெண்ணின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்க வேண்டும், நனையாமல் இடுப்பில் கட்டியிருக்கிற படங்குத் துணியை எடுத்துவிட்டுச் சேலை முழுதாகத் தெரிய வேண்டும், தலையில் மல்லிகை, முகத்தில் சிரிப்பு.

இதை வாசித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்தத் தங்கச்சியின் படத்தை நான் பார்த்தேன். கூடைக் கயிறு தலையில் அழுந்துகிற இடத்தில் மடித்து வைத்த பழைய துணி. விரல் நுனியில் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த கறை, கட்டை விரலில் ஒரு வெடிப்பு. பனியில் நனைந்த படங்கின் கீழ் ஓரம் மட்டும் கடும் நிறம். இதையெல்லாம் மலைக்கு ஏறியவள்தான் வரைய முடியும், இல்லாவிட்டால் மலைக்கு ஏறியவளின் மகள். இப்படி ஒரு படம் தேயிலைப் பெட்டிக்கு வருவதே அபூர்வம். கடையில் இருக்கிற பெட்டிகளைப் பாருங்கள்: இரண்டு விரலால் பூப் பறிக்கிற மாதிரி ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள். இரண்டு கையாலும் வேகமாகப் பறித்துத் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிகிறவர்களை அப்படி நிற்க வைத்தது யார்? நம்ம ஆட்கள் இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த வருடமாக 1823ஐக் கணக்கில் எடுத்து 2023இல் மலையகம் 200 என்று நாடெங்கும் பேசினோம், அவர்கள் வந்த வழியை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகும் நம்ம ஆட்களின் முகத்தை நம்ம கையால் வரைந்து கொடுத்தால் வெளுக்கச் சொல்கிறார்கள்.

சட்டம் இங்கேயும் பேசுகிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவில் தார்மீக உரிமை இருக்கிறது. பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் இது உங்களிடம்தான் இருக்கும். உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம். உங்கள் மதிப்புக்கும் பெயருக்கும் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால், மாற்றினால், ஆட்சேபிக்கலாம். ஆகவே ஒப்பந்தத்தில் "தார்மீக உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி வந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கூடவே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "ஓவியரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் படத்தின் நிறம், உருவம், உடை மாற்றப்படக் கூடாது. அளவை மாற்றுவதும் அச்சுக்காக ஓரம் வெட்டுவதும் விதிவிலக்கு." அந்த விதிவிலக்கு தேவை. இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டி அளவுக்கும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், வேலை நகராது.

சிரிப்பு வேண்டுமென்றால் சிரிக்கிற இன்னொரு படம் வரைந்து கொடுங்கள். நம்ம பெண்கள் மலையில் சிரிக்காதவர்களா? தேநீர் நேரத்தில் அவர்கள் பேசுகிற பேச்சுக்கு மேட்டில் நிற்கிற கங்காணியே திரும்பிக்கொள்வார். ஆனால் நிறத்தில் கை வைக்க விடாதீங்க. இதற்காக ஒப்பந்தம் முறிந்தாலும் முறியட்டும் என்றுதான் நான் சொல்வேன். சம்பளக் கணக்கோடு வாழ்கிற வீட்டுக்கு அந்தக் காசு எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பெப்ரவரி 19

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். முறியட்டும் என்று நான் சொல்லலாம், முறிந்தால் இழப்பு தங்கச்சிக்கு. முறிப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கொம்பனியில் யார் இதைக் கேட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் விளம்பரப் பகுதியில் யாரோ ஒருவர் "ஏற்றுமதிக்கு அழகாக இருக்கட்டும்" என்று சொல்லியிருப்பார். படங்கு ஏன், கயிற்றுக்குக் கீழே துணி ஏன், விரல் ஏன் கறுப்பு என்று படத்துக்குக் கீழே இரண்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கொழுந்து பறித்த கையைப் பற்றிய இந்தக் குறிப்பைப் பெட்டியின் பின்பக்கம் போடலாம் என்றும் யோசனை சொல்லுங்கள். தேயிலை எங்கிருந்து, யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குகிறவர்கள் வெளியே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையான படம்தான் நல்ல வியாபாரம்.

பெப்ரவரி 25

மாசி பிறந்துவிட்டது, கேள்வியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. தலவாக்கலையிலிருந்து ஒருவர்: "காமன்கூத்து உருவங்களை வைத்து ஒரு துணிக் கடைக்கு டிசைன் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அது யாருடையது?"

நல்ல கேள்வி. மாசியில் தோட்டங்களில் ஆடுகிற காமன்கூத்தின் ரதியும் மதனும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. காமன் ஊன்றுகிற இடத்தில் நின்று நீங்கள் பார்த்து, உங்கள் கோட்டில், உங்கள் நிறத்தில் வரைந்தது உங்கள் படம். அந்தப் படத்துக்கு அனுமதி கொடுக்கலாம். ஆனால் கூத்துக்கு அனுமதி கொடுக்க உங்களால் முடியாது, எனக்கும் முடியாது. இந்த நாட்டுச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனியாகவே பாதுகாப்பு வைத்திருக்கிறது, 24ஆம் பிரிவு. வியாபாரத்துக்காகவோ மரபான சூழலுக்கு வெளியேயோ பிரதி செய்வதற்கும் மாற்றிச் செய்வதற்கும் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒப்பனைக் கோலத்தை அப்படியே படமெடுத்து அச்சடிப்பதற்கும் நீங்கள் புதிதாக வரைவதற்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று துணிக்கு மை படுவதற்கு முன்னால் பாருங்கள், சந்தேகமென்றால் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சட்டத்தை விட்டுத் தள்ளி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். தோட்டத்தில் கூத்துப் பழக்குகிற பெரியவரிடம் முதலில் போய்க் காட்டுங்கள். எரிந்த மதனை யாரும் செருப்பில் அச்சடிக்கக் கூடாது என்று அவர் சொல்வார், அதை ஒப்பந்தத்தில் தடைசெய்த பொருளாக எழுதுங்கள். துணிக் கடைக்குத் தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற உரிமை, கொடுக்காதீங்க. கொடுத்தால் அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை வரைகிற ரதிக்கும் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். வருகிற காசில் ஒரு பங்கு கூத்துக்கு அடிக்கிற தப்புக்குத் தோல் மாற்றவாவது போகட்டும்.

மார்ச் 2

இணையத்தில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் பரவாயில்லையா என்று மூன்று நான்கு பேர் கேட்கிறீர்கள்.

எந்த லைசன்ஸ் ஒப்பந்தத்திலும் "இது என் சொந்தப் படைப்பு, யாருடைய உரிமையையும் மீறவில்லை" என்று நீங்கள் உத்தரவாதம் கொடுக்கிற ஒரு பிரிவு இருக்கும். பிழைத்தால் நட்டஈடு உங்கள் தலையில். மேலே சொன்ன மரிமெக்கோவிலேயே நடந்தது: 2013இல், அவர்களுடைய ஒரு வடிவம் உக்ரேன் ஓவியர் மரியா பிரிமாச்சென்கோ 1963இல் வரைந்த படத்தின் பிரதி என்று வெளியே வந்தது. அந்த வடிவம் அப்போது ஃபின்எயார் விமானத்தின் உடம்பில் பறந்துகொண்டிருந்தது! அதை மரிமெக்கோவுக்குக் கொடுத்த டிசைனர் ஒப்புக்கொண்டார். விமானத்தில் இருந்து படத்தை எடுக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய கொம்பனியாலேயே முன்கூட்டிப் பிடிக்க முடியவில்லை.

நீங்களே மலைக்குப் போங்கள், நீங்களே படமெடுங்கள். அடையாளம் தெரிகிற முகமென்றால் அந்த அக்காவிடம் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் ஒன்றை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மார்ச் 3

பாதுகாப்புக் காலம் பற்றி ஒரு சேர்க்கை. ஓவியத்துக்கு வரைந்தவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும். பாவனைப் பொருளுக்கென்றே செய்த பிரயோகக் கலைக்கு அப்படி இல்லை, செய்த நாளில் இருந்து 25 வருடம். டிசைன் என்று தனியாகப் பதியவும் செய்யலாம், கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில்: முதலில் 5 வருடம், பிறகு இரண்டு முறை 5 வருடமாகப் புதுப்பிக்கலாம், மொத்தம் 15. ஆனால் பதிவுக்கு டிசைன் புதியதாக இருக்க வேண்டும். பேஸ்புக்கில் ஏற்கெனவே போட்டது புதியது ஆகாது. பத்திக் (துணியில் மெழுகு பூசிச் சாயம் போடுவது) வடிவம், கோப்பையின் உருவம் மாதிரி செய்கிறவர்கள் பதிந்துவிட்டுப் போடுங்கள்.

மார்ச் 9

"தேயிலைப் பெட்டி மாதிரி வரைந்து அனுப்புகிறேன், அழகுக்கு வாள் ஏந்திய சிங்கத்தையும் போட்டேன்" என்று ஒரு தம்பி படம் ஒட்டியிருக்கிறார். தம்பி, சிங்கத்தை எடுத்துவிடுங்க. அது இலங்கை தேயிலைச் சபைக்குச் சொந்தமான இலச்சினை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்த பெட்டிக்குத்தான் சபை அனுமதி கொடுக்கும். அதை வைப்பதும் வைக்காததும் கொம்பனியும் சபையும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஆனால் நல்ல உதாரணத்தைக் கொண்டுவந்திருக்கிறீங்க. சபை அந்தச் சிங்கத்தை எந்தக் கொம்பனிக்கும் விற்கவில்லை. எத்தனையோ கொம்பனிகள் பாவிக்கின்றன, எல்லாருக்கும் நிபந்தனை, சிங்கம் சபையிடமே. அதே தேயிலைக் கொம்பனி நம்மிடம் வந்து "அனைத்து உரிமையும்" கேட்கும்போது, பெட்டியின் மூலையில் இருக்கிற சிங்கத்தைக் காட்டி, இதை எப்படிப் பாவிக்கிறீங்களோ அப்படியே என் படத்தையும் பாவியுங்க என்று சொல்லலாம். அவர்களுக்கு உடனே விளங்கும்.

மார்ச் 16

கொம்பனி நம்மைத் தேடி வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்று பதுளையிலிருந்து கேள்வி. வேண்டாம். ஒற்றைப் படத்தோடு போகாமல் ஒரு தொகுப்போடு போங்கள்: ஒரு முதன்மைப் படம், அதே நிறங்களில் இரண்டு மூன்று துணை வடிவம், ஓரக் கோடு, இணைத்து இணைத்து நீளுகிற ஒரு பின்னல். கொம்பனிக்கு நாலு வகைத் தேயிலை இருந்தால் நாலு பெட்டியும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும். பெட்டியை விரித்துக் காட்டுகிற வெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, படத்தை அதற்குள் வைத்துக் காட்டுங்கள். நத்தார், புதுவருடப் பரிசுப் பெட்டிகளுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே முடிவெடுத்துவிடுவார்கள், நவம்பரில் போய்க் கதவைத் தட்டினால் அடுத்த வருடம்தான்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. மாத்தளை அலுவிகாரையில் கலைஞர் எனா டி சில்வா பத்திக்கையும் தையல் வேலையையும் ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் பட்டறையாகவே கட்டினார். பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் உட்கூரைக்குப் போன பத்திக் எனாவுடையது. படத்தைக் கொம்பனிக்குக் கொடுப்பது மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் பட்டறையின் பெயரே ஒரு பிராண்டாக நிற்கும், பிறகு கொம்பனி அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் கேட்கும். மாத்தளை அண்ணே, உங்களிடம் இடம் இருக்கிறது, பத்திக் தெரிந்த அக்காமாரும் பக்கத்தில் இருக்கிறார்கள். யோசிங்க.

மார்ச் 17

வெளிநாட்டுக் காசு: 2024 நிலவரப்படி இங்கே பேபாலில் காசு அனுப்பத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. பேயோனியர் அல்லது நேரடி வங்கி மாற்று. வங்கிக் கழிவு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வரி கழித்துக் கொடுத்தால் கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு எந்த நாட்டு நீதிமன்றம் என்ற வரியையும் பாருங்கள். ஜெர்மனி என்று இருந்தால் நாம் போகப்போவதில்லை.

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு வந்த புதிய ஒப்பந்த வரைவை வாசித்தேன். நிறத்தை மாற்றாமல் விட்டுவிட்டார்கள், படங்கும் இருக்கிறது, மல்லிகை இல்லை. பின்பக்கக் குறிப்புக்கும் சரி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை.

இனி வரைவுக்கு. தனியுரிமை "எல்லாப் பொருட்களுக்கும்" என்று இருக்கிறது, அதை "தேயிலைப் பொதிகளுக்கு" என்று மாற்றச் சொல்லுங்கள். தேயிலையில் அவர்களுக்குப் போட்டி வராமல் இருந்தால் போதும், நீங்கள் வாழ்த்து அட்டையோ துணியோ வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். காலம் மூன்று வருடம், சரி. "தானாகப் புதுப்பிக்கப்படும்" என்பதை வெட்டுங்கள். புதுப்பிப்பு என்றால் இரண்டு பக்கமும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அப்போது விலையும் பேசலாம். முடிந்த பிறகு மிச்சப் பெட்டிகளை விற்க 90 நாள் கேட்கிறார்கள், அது வழக்கமானது, கொடுங்கள். ஆனால் அந்த 90 நாளில் புதிதாக அச்சடிக்கக் கூடாது என்றும், அந்த விற்பனைக்கும் ரோயல்டி உண்டு என்றும் சேருங்கள்.

கணக்கு வருடத்துக்கு ஒருமுறை என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள், ஆறு மாதத்தில் வந்து நிற்பார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமை என்று ஒரு வரி வேண்டும். அதை நீங்கள் பாவிக்கவே மாட்டீர்கள், இருந்தாலும் வேண்டும். படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் இப்போது எழுதுவதுதான் நல்லது. உங்கள் பெயர் பெட்டியில் எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதைப் படம் போட்டே இணைப்பாக வையுங்கள். "பொருத்தமான இடத்தில்" என்று விட்டால் ஒட்டுகிற மடிப்புக்குள் போய்விடும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். முற்பணத்தில் ஒரு சின்னப் பங்கு அதற்குப் போனால் பரவாயில்லை.

ஜூன் 1

கையெழுத்தாகி, முதல் அச்சுப் பிரதி வந்திருக்கிறதாம். பக்க மடிப்பில் கூடை பாதி மறைகிறது என்கிறார் தங்கச்சி. சம்மதம் என்று எழுதி அனுப்பாதீங்க. பொதியில் தேயிலையை நிரப்பி நிமிர்த்தி வைத்து நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் பொதியில் மடிப்பு ஒரு இடத்தில் விழும், நிரப்பிய பொதியில் வேறு இடத்தில் விழும். நிரப்பிய பிறகும் கூடை மறைந்தால் பெண்ணை இடப்பக்கம் நகர்த்துவது அவர்கள் வேலை இல்லை, உங்கள் வேலை. நகர்த்திய கோப்பை நீங்களே கொடுங்கள். நிறத்தையும் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், அச்சடித்த துண்டைத் தபாலில் வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜூலை முடிவில் முதல் கணக்கு வர வேண்டும், வரவில்லையென்றால் இங்கே எழுதுங்க.